நடுத்தர வர்க்கத்தைப் பற்றிய ஒரு வார இறுதிப் படிப்பு: புதுச்சேரியிலிருந்து மதிப்புரை

புதுச்சேரியில் ஒரு சிறு கல்விக் குழு வார இறுதிகளில் நடத்திவரும் இப்படிப்பு, நடுத்தர வர்க்கத்தைச் சம்பளத்தைக் கொண்டோ வீட்டில் நிற்கும் வண்டியைக் கொண்டோ அளப்பதில்லை. ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் நடுவில் யார், எந்தத் தகுதியைக் காட்டி இடம் பிடித்தார்கள் என்பதே முதல் வகுப்பிலிருந்து அதன் கேள்வி. சமூகவியலை மனப்பாடம் செய்து தேர்வெழுதிய என் போன்றோருக்கு இதுவே பெரிய ஆறுதல்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையை ஒட்டி நடந்த பாடம் சிறப்பாக அமைந்தது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும், இருந்த அவர் 1736 முதல் தம் இறுதிக்காலம் வரை எழுதிய நாட்குறிப்பை, வணிகச் செல்வமும் மொழியறிவும் ஆளுநரின் தயவும் சேர்ந்து ஒருவரை எப்படி உயர்த்தின என்பதற்குச் சான்றாக ஆசிரியர் விளக்கினார். 1754-இல் துய்ப்ளேக்ஸ் பிரான்சுக்குத் திரும்பியபின் அந்தச் செல்வாக்கு நெடுநாள் நிலைக்கவில்லை என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற இந்தியர்களான ரெனோன்சான்களைப் பற்றிய வகுப்பு அதனினும் கூர்மையானது. 1873-இல் காலணியுடன் நீதிமன்றம் சென்று தடுக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பாரீஸ் வரை வழக்காடி வென்றார். சாதி, மதம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வர 1881 ஆணை வழிசெய்தபோது, அவரைப் போன்றோர் வெள்ளையருக்கு நிகரான மதிப்பை நாடிக் கையெழுத்திட்டார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் பலரோ சாதியின் பிடியிலிருந்து விலகவும், பிரெஞ்சு ராணுவத்திலும் பிரான்சின் ஆட்சியிலிருந்த இந்தோசீனாவின் அலுவலகங்களிலும் வேலை பெறவும் கையெழுத்திட்டார்கள். 1884-இல் ஐரோப்பியர், ரெனோன்சான்கள், ஏனைய இந்தியர் எனத் தேர்தல் பட்டியலே மூன்றாகப் பிரிக்கப்பட்டதால், புதிய தகுதி நேராக வாக்குப்பெட்டிக்குள் சென்றது. பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' (முன்னாள் படைவீரர்) வீடுகளை இன்றும் தெருவில் சுட்டிக்காட்டும் ஊருக்கு இந்த வரலாறு புதிதன்று; ஆனால் அதை வர்க்கத்தின் கதையாகக் கோத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

குறை, பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பழைய வெள்ளையர் பகுதியில், செலவிட்ட நேரம் மிகுதி என்பதே. சவானா பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது 1936 ஜூலை 30-இல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் இறந்ததும், மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானதும் அவசரமாகக் கடந்துபோயின. மில் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்து அரசு வேலைக்கு அனுப்பிய முதலியார்பேட்டைக் குடும்பங்களையும், 2020-இல் அங்கிருந்த ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) மில் மூடப்பட்டபின் அவர்களுக்கு நேர்ந்ததையும் பேசாமல் ஏற்றத்தாழ்வைப் பற்றிய பாடம் முழுமை பெறாது. வாசிப்புக் கட்டுகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே தரப்படுவதும் உறுத்துகிறது. கட்டணச் சலுகை உண்டு, கேட்டவர்களுக்கு மட்டும். இதைத் தேநீர் இடைவேளையில் ஒரு மாணவி சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

இத்தனைக்கும் பிறகும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் முதுகலை மாணவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சேருமுன் சலுகையைக் கேட்டுப் பெறுவதும், மில் பகுதியை ஒருநாள் தனியே நடந்து பார்ப்பதும் நல்லது.