கணுக்காலை இன்ச் டேப்பால் அளந்து பார்த்துக் குடித்த பார்ஸ்லி டீ

ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் சூடாகக் குடிக்கச் சுமாராக இருந்ததற்குத்தான், வீக்கத்துக்கு இல்லை.

நான் தையல் வேலை செய்பவள். தினம் எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பேன். நாலு மாதமாகச் சாயங்காலமானால் இரண்டு கணுக்காலும் உப்பிக்கொள்கின்றன. செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை போவதில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாகத்தான் மேலே வரும். “நீர் கோத்திருக்கு அண்ணி, பார்ஸ்லி குடிங்க, ஒரே வாரத்துல வடிஞ்சிடும்” என்று நாத்தனார், கொத்தமல்லி மாதிரித் தழையான பார்ஸ்லியின் இந்தக் காய்ந்த இலைப் பாக்கெட்டை வாங்கியே கொடுத்துவிட்டார்.

பிரித்ததும் முதல் ஏமாற்றம். இலையைவிடக் காம்பும் தூளும் அதிகம். பார்ஸ்லி காய்ந்தால் வாசனையில் பெரும்பகுதி போய்விடும் என்பது தெரிந்ததுதான், ஆனாலும் இது வெறும் காய்ந்த புல் வாசனை. ஒரு டீஸ்பூனை ஒரு கப் வெந்நீரில் ஐந்து நிமிஷம் ஊறப்போட்டு வடிகட்டினால் வெளிர்பச்சை நிறம், லேசான கசப்பு. குடிக்க முடியாதபடி ஒன்றுமில்லை.

அளவெடுப்பது என் தொழில் என்பதால் இதையும் அளந்தேன். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் கணுக்கால் சுற்றளவு 8¾ இன்ச், சாயங்காலம் 9½. முக்கால் இன்ச் வித்தியாசம்! சட்டைக் கையில் இவ்வளவு கூடினால் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார். பத்து நாள், தினம் மூன்று கப் குடித்தேன். பாத்ரூமுக்குப் போனதென்னவோ நிஜம். ஆனால் டேப்பில் ஒரு நூல்கூட அசையவில்லை. ஒரே ஒரு நாள் 9¼ காட்டியது. சந்தோஷப்பட்டு நோட்டைப் புரட்டினால், அது நான் மெஷினில் உட்காராத ஞாயிற்றுக்கிழமை. பிறகு சந்தேகம் வந்து நாலு நாள் இலையே போடாமல் அதே மூன்று கப் வெந்நீரை மட்டும் குடித்தேன். பாத்ரூம் நடை அதேதான், 9½-உம் அதேதான்.

மகள் பார்மசி படிக்கிறாள். பார்ஸ்லி கதை முழுக்கப் பொய் இல்லை என்றாள். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளுக்குப் பார்ஸ்லி விதைச் சாற்றைக் கொடுத்தபோது சிறுநீர் கூடியிருக்கிறது. சிறுநீரகத்தில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றும் பம்பை அது மந்தப்படுத்துகிறதாம். ஆனால் அது விதை, என் பாக்கெட்டில் இருப்பது இலை. 2011-இல் ஆரோக்கியமான 20 பேருக்கு இலை டீயைக் கொடுத்துப் பார்த்ததில் சிறுநீரின் அளவில் சொல்லும்படி மாற்றமில்லை.

அப்புறம்தான் கேட்டாள்: “அது சரி, எந்த பிரஷர் மாத்திரைம்மா சாப்பிடுற?” அம்லோடிபின், 10 மில்லிகிராம். அங்கேதான் இருந்தது விஷயம். அந்த மாத்திரை சிறு தமனிகளை விரிப்பதால் நுண்ணிய ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, கணுக்காலில் நீர் கசிந்து நிற்குமாம். டோஸ் கூடக்கூட வீக்கமும் கூடும். உடம்பில் தண்ணீர் மிஞ்சிப்போனதால் வந்ததல்ல, இருந்த தண்ணீர் இடம் மாறி நிற்கிறது. அதனால் டாக்டர் தரும் நீர் மாத்திரைகூட இதற்கு அவ்வளவாகக் கேட்காதாம். காம்புத் தூள் எங்கே கேட்கப்போகிறது! டாக்டர் 5 மில்லிகிராமாகக் குறைத்து, கூடவே வேறொரு மாத்திரை சேர்த்தார். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் எகிறும்.) மூன்று வாரத்தில் சாயங்கால அளவு 9. மதியம் அரை மணி நேரம் தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துப் படுக்கிறேன், உப்பையும் குறைத்திருக்கிறேன்.

டீ வேலை செய்யாததைக்கூட விட்டுவிடலாம். எனக்குக் கோபமெல்லாம் பாக்கெட்டின் பின்பக்கத்தின்மேல்தான். ‘நீர் வீக்கத்தை வடிக்கும், பக்கவிளைவு இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள், யார் குடிக்கக்கூடாது என்று ஒரு வரி போடவில்லை. நாத்தனாரின் கணவர் இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர். அவர் வீட்டிலும் இதே பாக்கெட்! 100 கிராம் பச்சைப் பார்ஸ்லியில் சுமார் 1,600 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 120 போதும். வார்ஃபரினின் வேலையே, ரத்தம் உறைய உதவும் அந்த வைட்டமினுக்கு எதிரானது. வைட்டமின் கே தண்ணீரில் கரையாது, வடிகட்டிய டீயில் அதிகம் இறங்காது என்பது உண்மைதான். ஆனால் இலையை அப்படியே அரைத்தும் குடிக்கலாம் என்று அதே பாக்கெட் யோசனை சொல்கிறதே! நான் போன் செய்ததும் நாத்தனார் தூக்கிப் போட்டுவிட்டார். கர்ப்பிணிகளும் மருந்துபோல இதைக் குடிக்கக்கூடாது. பார்ஸ்லி எண்ணெயிலுள்ள ஏபியோல் என்ற பொருள் அதிகமானால் கருவைக் கலைக்கக்கூடியது. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ, டீ போட அடுப்பைப் பற்றவைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாதிப் பாக்கெட் மீதி இருக்கிறது. சூப்பில் தூவித் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கும் பச்சைத் தழைதான் மேல்.