ஷேம் (2011): கிளுகிளுப்பு தேடிப் போகாதீர்கள்

அமெரிக்காவில் இந்தப் படத்துக்குக் கிடைத்தது என்சி-17. நம்மூர் ‘ஏ’ சர்டிபிகேட் மாதிரி. அதைக் கேட்டுவிட்டு ஆவலாக உட்காருகிறவர்கள் அரைமணி நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள், ஏனென்றால் ஸ்டீவ் மெக்வீன் எடுத்த ‘ஷேம்’ படத்தில் இத்தனை உடலுறவுக் காட்சிகள் இருந்தும் ஒன்றில்கூட சந்தோஷம் கிடையாது.

பிராண்டன் (மைக்கேல் ஃபாஸ்பெண்டர்) நியூயார்க்கில் நல்ல வேலையில் இருக்கிறான், வீடு துடைத்துவைத்த ஓட்டல் அறை போல இருக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர் நிறைய ஆபாசப் படம், இரவானால் காசு கொடுத்து வரவழைக்கும் பெண்கள். முற்றிய குடிகாரனுக்குக் குடி இனிக்கவா செய்கிறது? அதே கதைதான். இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது தங்கை சிஸ்ஸி (கேரி மல்லிகன்) சொல்லாமல் கொள்ளாமல் வந்து வீட்டில் தங்கிவிடுகிறாள்.

எனக்குப் படமே அந்த ஓட்டல் காட்சிதான். கூட வேலை பார்க்கும் மரியானை (நிக்கோல் பெஹாரி) சாப்பிட அழைத்துப் போகிறான். வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டாக நீள்கிறது, சர்வர் வேறு நேரம் காலம் தெரியாமல் வந்து வந்து குறுக்கிடுகிறார், சிரிப்பு வருகிறது. இதுவரை நீடித்த பெரிய உறவு எவ்வளவு நாள் என்று அவள் கேட்க, நாலு மாதம் என்கிறான். அப்புறம் அவளோடு தனியாக இருக்கும்போது அவனால் முடியவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு சிக்கலும் இல்லாத உடம்பு, மனசுக்குப் பிடித்துப்போன பெண்ணிடம் மட்டும் மக்கர் பண்ணுகிறது. இவனுக்கு ஆசை அதிகம் என்பதல்ல விஷயம், ஒருவர் பக்கத்தில் வந்தாலே தாங்காது. அண்ணனும் தங்கையும் சோபாவில் சண்டை போடும் காட்சியிலும் இதுதான். பின்னாலிருந்து அவர்கள் தலைகள், எதிரே டிவியில் பழைய கார்ட்டூன். கட்டிப்பிடித்துக்கொள்ள வந்தவளை அவன் உதறுகிற விதத்தைப் பார்த்தால் நமக்கே கோபம் வரும்.

சின்ன வயதில் இவர்களுக்கு என்ன நடந்தது என்று படம் சொல்வதில்லை. பலருக்கு இது குறை, எனக்கு நிம்மதி. ஃபிளாஷ்பேக் ஒன்றைச் செருகியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். டாக்டர், சிகிச்சை என்றும் எதுவும் இல்லை. (உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாக நடைமுறைக்கு வந்ததே 2022-இல்தான். அங்கேயும் அதை ‘அடிமைத்தனம்’ என்ற தலைப்பில் வைக்கவில்லை.)

கடைசி அரைமணி நேரம்தான் உதைக்கிறது. அவன் எவ்வளவு கீழே போய்விட்டான் என்று காட்ட ஓரினச்சேர்க்கையாளர் கிளப் ஒன்றுக்குள் அனுப்பியிருப்பது சோம்பேறித்தனம், ஏன், அங்கே போவதுதான் பாதாளமா? பின்னணி இசையும் அங்கே அழு அழு என்று பிடித்துத் தள்ளுகிறது. சிஸ்ஸி பாரில் ‘நியூயார்க், நியூயார்க்’ பாட்டை இழுத்து இழுத்துப் பாடும்போது அவன் கண்ணில் ஒரு துளி நிற்குமே, அது போதாதா?

ஃபாஸ்பெண்டருக்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது, ஆஸ்கரில் நாமினேஷன்கூட இல்லை. வீட்டில் எல்லோரும் இருக்கும்போது போட்டுவிடாதீர்கள். படம் பிடித்துப்போனால் மெக்வீனும் ஃபாஸ்பெண்டரும் சேர்ந்த ‘ஹங்கர்’ (2008) இருக்கிறது, அது இதைவிடக் கடுமை.