பிரேயஸில் க்ரூஸிலிருந்து இறங்குபவர்களே, “இன்று மெட்ரோ ஸ்ட்ரைக்” என்றால் நம்பாதீர்கள்

ஏதென்ஸ் பார்க்கப் போகிறவர்களை க்ரூஸ் கப்பல்கள் பிரேயஸ் துறைமுகத்தில்தான் இறக்கிவிடும். டெர்மினலை விட்டு வெளியே வந்ததுமே டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். எங்களிடம் வந்தவர் எடுத்த எடுப்பில் சொன்னது, இன்று மெட்ரோ ஸ்ட்ரைக். அந்த ஊரில் ஸ்ட்ரைக் சகஜம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. குன்றின் மேல் இருக்கும் பழங்காலக் கோட்டையான அக்ரோபோலிஸுக்கு ஐம்பது யூரோ என்றார். அப்பா, அம்மா, மனைவி, நான் நால்வரும் ஏறினோம்.

நேரே போனால் அரை மணிப் பாதை. நடுவில் “ஐந்தே நிமிடம்” என்று ஒரு நகைக்கடை முன் நிறுத்தினார். கமிஷன் கடை. காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டு எழுந்திருக்கவே விடவில்லை. டிரைவரோ வெளியே சாவகாசமாக சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் நாம் கப்பலேற வேண்டும், போலீஸ், புகார் என்று அலைய நேரமிருக்காது என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இறங்கும்போது ஐம்பது என்பது ஆளுக்கு என்றார். ரசீது கேட்டால் மெஷின் ரிப்பேர். குரல் வேறு உயர ஆரம்பித்தது. அம்மாவுக்கு முட்டிவலி, கொளுத்தும் வெயில். நூறு யூரோ கொடுத்துத் தொலைத்தோம்.

அதோடு முடியவில்லை. அக்ரோபோலிஸ் டிக்கெட்டை இப்போது மணி குறித்துத்தான் தருகிறார்கள். கால் மணி முன்னே பின்னே போகலாம், அவ்வளவுதான். ஆளுக்கு 30 யூரோ கட்டி ஆன்லைனில் எடுத்தது வாசலில் செல்லாமல் போனது. பணமும் திரும்பாது. அப்பா கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

திரும்பும்போது மொனாஸ்திராகி மெட்ரோ நிலையத்துக்குப் போனால் ரயில் ஜாம் ஜாமென்று ஓடுகிறது! காலையிலிருந்தே ஓடுகிறதாம். டிக்கெட் 1.20 யூரோ. பிரேயஸையும் ஏதென்ஸையும் இணைத்து 1869-இல் போட்ட பழைய ரயில் பாதைதான் இன்றைய மெட்ரோவின் பச்சை லைன். 2022-இல் நீல லைனும் பிரேயஸ் வரை வந்துவிட்டது.

ஸ்ட்ரைக் உண்டா என்று இறங்குவதற்கு முன் கப்பலிலேயே கேட்டுவிடுங்கள். டாக்சிதான் வேண்டுமென்றால் மீட்டர் போடச் சொல்லுங்கள். அதில் எரியும் எண் 1 என்றால் ஊருக்குள் பகல் கட்டணம், 2 என்றால் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரைக்குமான கட்டணம்; ஊர் எல்லைக்கு வெளியே போனாலும் 2-தான். பட்டப்பகலில் ஊருக்குள் 2 எரிந்தால் அங்கேயே கேளுங்கள். ஏறும் முன் நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் சுற்றுலா போலீஸ் எண் 1571. அதை டிரைவர் காதில் விழும்படி டயல் செய்வது உத்தமம்.