கிளட்ச் செட் மாற்றியதாக 9,200 ரூபாய் வாங்கினார்கள், செய்தது ஒரு நட்டைத் தளர்த்தியது மட்டும்

என்னுடையது மாருதி எஸ்டீம். 1,298 சிசி, 16 வால்வு. கோவையில் ராலி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வண்டியின் அருமை தெரியும். பெடலைத் தரைவரை மிதித்தால்தான் கியர் விழுகிறது என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச் கேபிள் முனையில் இருக்கும் நட்டை முறுக்கிவிட்டு, "ரேஸ் வண்டி மாதிரி ஆயிடுச்சு சார்" என்றார்கள். கால் வைத்ததுமே பெடல் கனத்தது. நானும் நம்பிவிட்டேன்.

மூன்றாவது வாரம் வால்பாறைக்குப் போனோம். 40 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. கருகல் வாடை. பின்சீட்டில் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அதே இடத்துக்குத்தான் திரும்பப் போனேன். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் போச்சு என்று 9,200 ரூபாய்க்கு பில் போட்டார்கள். கிளட்ச் பிடிக்காமல் ஸ்லிப் ஆவது நின்றது, சரி என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஆயில் கசிவு பார்க்க ஒரு பெரியவரிடம் வண்டியைத் தூக்கினோம். டார்ச் அடித்துக் காட்டினார். கியர்பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் பெல்ஹவுசிங் போல்ட்டுகளில் வருஷக்கணக்கான மண்ணும் கிரீஸும் அப்படியே அப்பிக்கிடந்தன, ஒரு ஸ்பேனர் கீறல்கூட இல்லை. "யாருங்க தம்பி கிளட்ச் மாத்துனது? கியர்பாக்ஸ் இறங்கவே இல்லீங்க" என்றார். பில்லைப் பார்த்தோம். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அதற்கு சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டை உருவினால் கியர் ஆயில் கொட்டும், புதிதாக ஊற்றியாக வேண்டும். அதற்கு ஒரு வரி இல்லை!

நடந்தது இதுதான். முதல்முறை நட்டை அளவுக்கு மீறி இறுக்கியதில் ஃப்ரீ பிளே, அதாவது பெடல் கனக்கும் முன் லேசாக இறங்கும் இடைவெளி, சுத்தமாகப் போய்விட்டது. காலை எடுத்த பிறகும் கிளட்ச் முழுசாகப் பிடிக்கவில்லை, பேரிங்கும் ஓயாமல் உரசியது. பிளேட் தேயத் தேய அந்த இடைவெளி இன்னும் குறையும். இரண்டாம் முறை நட்டைத் தளர்த்திவிட்டு முழு செட்டுக்குக் காசு வாங்கிவிட்டார்கள்.

கேபிள் கிளட்ச் வண்டி வைத்திருப்பவர்கள் இன்றே பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கனம் தட்டும் முன் கொஞ்ச தூரம் லேசாக இறங்க வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். துளிகூட இல்லையென்றால் மலை ஏறாதீர்கள். ரொம்ப அதிகமாக இருந்தால் ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று கத்தும். கிளட்ச் மாற்றினால் பழைய பிளேட்டைக் கையில் வாங்காமல் பணம் தராதீர்கள்.

நான் கேட்டபோது, பழையதை ஸ்கிராப்புக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். போல்ட்டுகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பில்லோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன்.