பழைய அலமாரிக் கண்ணாடிக் கதவுகளும் பேட்டைக் கண்ணாடிப் பட்டறையும்

சுவரோடு சேர்த்துச் செய்யப்படும் அலமாரிகளில் முதலில் பழுதாவது பலகைதான். முகப்பில் இருக்கும் கண்ணாடித் தள்ளுகதவு பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். பழைய அலமாரியைக் கழற்றும்போது அலுமினியச் சட்டத்தைப் பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம். ஆளுயரக் கண்ணாடியை வாங்க அங்கே யாரும் முன்வருவதில்லை. மச்சில் சாய்த்து வைத்தால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பயமாக இருக்கிறது, தெருவில் போட்டாலோ குப்பை அள்ள வருபவரின் கை கிழிகிறது. இப்படித் தவிக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்குப் பேட்டையில் இருக்கும் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கண்ணாடிப் பட்டறையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அங்கே பழைய கண்ணாடிக் கதவுகளைக் கொண்டுபோனால், எது எதற்கு ஆகும், எது ஆகாது என்று ஆராய்ந்து சொல்லி, வெட்டி, சட்டமிட்டு, வீட்டுக்கு வந்து மாட்டியும் தருகிறார்கள்.

எங்களுக்கு இந்தத் தேவை 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வந்தது. அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானதையும், தாமிரபரணி கரைபுரண்டு சந்திப்பு, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளுக்குள் புகுந்ததையும் இந்தச் சீமையில் யாரும் மறக்கவில்லை. வண்ணார்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருக்கும் என் தங்கை வீட்டு அலமாரி துகள்பலகையால் ஆனது. தண்ணீர் வடிந்த பின் அது ஊறி உப்பி, கைவைத்தாலே உதிரும் நிலைக்கு வந்துவிட்டது. ஏழடி உயரமும் இரண்டரை அடி அகலமும் உள்ள இரண்டு கண்ணாடிக் கதவுகள் மட்டும் சேறு பூசிக்கொண்டு முழுதாக நின்றன. அவற்றைக் கழுவி ஒதுக்கி வைத்து, நெடுநாள் கழித்து ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். கண்ணாடியைப் படுக்கவைத்து ஏற்றக் கூடாது, நிறுத்தி வைத்துத்தான் கொண்டுவர வேண்டும், முகப்பில் குறுக்கும் நெடுக்குமாக அகல டேப் ஒட்டிக் கோரைப்பாயில் சுற்ற வேண்டும் என்று பட்டறைக்காரர் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தார். ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி அந்த அளவில் ஒவ்வொன்றும் சுமார் 20 கிலோ இருக்கும் என்பதால், இரண்டு ஆட்கள் இல்லாமல் தூக்குவதை நினைத்தே பார்க்கக் கூடாது.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைக்கிறார்கள். கண்ணாடியின் முகத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்காமல், சட்டத்தின் மூலைத் திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியைத் திருப்பிப் பின்புறத்தை வெயிலில் காட்டினார். “முகத்தப் பாத்து எடைபோடக் கூடாது தாயி, முதுகுல பெயின்ட் நிக்குதான்னு பாக்கணும்” என்றார். அந்தக் காலத்தில் வெள்ளீயத்தோடு பாதரசம் சேர்த்துக் கண்ணாடிக்கு ரசம் ஏற்றினார்கள். இப்போது மெல்லிய வெள்ளிப் படலமும், அதைக் காக்கும் பூச்சும் பெயின்டும்தான் இருக்கின்றன. விளிம்பு வழியாக ஈரம் ஏறினால் வெள்ளி கறுத்து, கரும்புள்ளிகள் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவும். எங்கள் கதவுகளில் வெள்ளநீர் நின்ற அடிப்பகுதியில் அப்படி ரசம் போயிருந்தது. அந்தப் பகுதியை ஓரடி அளவுக்கு வெட்டித் தள்ளிவிட்டு மீதி ஆறடியை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். புள்ளி தெரியும் இடத்தை மட்டும் நறுக்காமல் அதற்கு மேலும் நான்கு விரற்கடை தள்ளிக் கோடு போட்டது எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதற்குள் ஏறியிருக்க வாய்ப்புண்டு.

வெட்டுவதற்கு முன் கதவில் இருப்பது டஃபன்டு கண்ணாடியா என்றும் மூலைகளில் முத்திரை தேடிப் பார்த்தார். சூடேற்றிக் கடினமாக்கிய அந்த வகைக் கண்ணாடியை வெட்ட முயன்றால் முழுவதும் பொடிப்பொடியாகச் சிதறிவிடும். எங்களுடையது சாதாரணக் கண்ணாடி. முகப்பை நன்றாகக் கழுவித் துடைத்து, மரச்சட்டத்தை அளவுகோலாக வைத்து, கட்டரை மண்ணெண்ணெயில் தோய்த்து, பெயின்ட் இருக்கும் பக்கத்தை விட்டுக் கண்ணாடிப் பக்கத்தில் ஒரே இழுப்பாக இழுத்தார். இடையில் கை நிற்கவில்லை. அதே கோட்டில் இரண்டாம் முறை கட்டரை ஓட்டவும் இல்லை. பிறகு கோட்டுக்கு நேர் கீழே கட்டரின் தலையால் மெல்லத் தட்டிக்கொண்டே போக, வெள்ளை நூல்போல ஒரு விரிசல் கோட்டோடு ஓடி முடிந்ததும், மேசை விளிம்பில் வைத்து ஒரே அழுத்தில் பிரித்தார். வெட்டுவாய் முழுவதையும் கல்லில் தேய்த்து முனை மழுக்கி, பெயின்டும் வெள்ளியும் வெட்டுப்பட்ட ஓரத்தில் ஈரம் ஏறாதபடி வார்னிஷ் ஓட்டினார். பல கடைகளில் இந்தக் கடைசி வேலையை விட்டுவிடுகிறார்கள். பழைய கண்ணாடியின் ஆயுளைத் தீர்மானிப்பதே அதுதான் என்று நான் கருதுகிறேன்.

வெட்டப்பட்ட கண்ணாடிகளில் பெரியதை என்ன செய்வது என்பதில்தான் அவருடைய திறமை தெரிந்தது. நெல்லையப்பர் கோயில் ரதவீதிகளை ஒட்டிய டவுன் தெருக்களில் வீடுகள் அகலம் குறைந்து நீளமாக இருக்கும். இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்பதால் சன்னல் வைக்க வழியில்லை; முன்பக்கத் திண்ணையான தார்சாவுக்குத் தெருவிலிருந்தும், கூடமான பட்டாசாலைக்கு முற்றத்திலிருந்தும் வெளிச்சம் வரும்; அதற்கு அப்பால் உள்ளறையான இரண்டாங்கட்டில் பகலிலேயே விளக்கெரியும். எங்கள் வீடும் அப்படித்தான். அந்த ஆறடிக் கண்ணாடியை இரண்டாங்கட்டுக்குள்ளேயே மாட்டலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். நேரில் வந்து பார்த்த அண்ணாச்சி, இருட்டறைக்குள் கண்ணாடி வைத்தால் அது இருட்டைத்தான் காட்டும், வெளிச்சத்தைப் பார்க்கும் இடத்தில் வைத்தால்தான் அதை உள்ளே அனுப்பும் என்று விளக்கினார். பிறகு சட்டைப்பையிலிருந்து உள்ளங்கை அளவுக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, முற்றத்தின் எதிர்ச்சுவரில் வெவ்வேறு உயரங்களில் வைத்து, கொஞ்சம் சாய்த்தும் நிமிர்த்தியும், வெளிச்சச் சதுரம் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். அந்தச் சின்னச் சதுரம் முதலில் முற்றத்துத் தரையிலும், பிறகு நிலைப்படியிலும், கடைசியாக இரண்டாங்கட்டின் உட்சுவரில் ஆளுயரத்துக்கு மேலேயும் ஏறியது. அந்த இடத்தையும் சாய்வையும் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

கண்ணாடி இப்போது ஓட்டுச்சார்ப்பின் கீழ், சாரல் படாத உயரத்தில், தலைப்பக்கம் சற்றுப் பின்சாய்ந்து படுக்கைவாட்டில் நிற்கிறது. காலை வெயில் ஏறிய பின் உச்சிவரை அதன் வெளிச்சம் இரண்டாங்கட்டின் வெள்ளைச் சுவரில் விழுந்து அறை முழுவதும் பரவுகிறது. மேகமூட்டமான நாளிலும் வானத்தின் வெளுப்பு உள்ளே வருகிறது. பகலில் அங்கே அரிசி புடைக்கவும் கல் பொறுக்கவும் விளக்குப் போட வேண்டியதில்லை. தட்டையான கண்ணாடி வெயிலைக் குவிக்காது என்பதால் தீப்பற்றும் என்ற அச்சம் வேண்டாம். ஆனாலும் வெளிச்சம் நேராகக் கண்ணில் படக் கூடாது, பட்டுத்துணியின்மேல் தினமும் விழக் கூடாது என்று அவர் எச்சரித்ததைச் சொல்லியாக வேண்டும்.

மாட்டிய முறையிலும் கவனம் இருந்தது. பழைய சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்துத் திருகினால் காரை உதிர்ந்து பிடிமானம் தளர்ந்துவிடும். 17 கிலோவுக்கு மேல் எடையுள்ள கண்ணாடியை அப்படித் தொங்கவிட மறுத்துவிட்டு, இடித்த வீட்டிலிருந்து வந்த தேக்குச் சட்டங்களால் ஒரு கூடு செய்து, எடை முழுவதும் அடிச்சட்டத்தில் நிற்கும்படி அமைத்து, சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று போக விரல் அளவு இடைவெளியும் விட்டார். ஒட்டுவதற்குப் பயன்படுத்திய சிலிக்கோன் பற்றியும் சொல்ல வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கோனில் பெரும்பாலானவை காடி வாடை அடிக்கும். அதிலிருந்து வெளிவரும் அசிட்டிக் அமிலம் கண்ணாடியின் முதுகுப் பூச்சைத் தின்றுவிடும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் எங்கள் வீட்டுக் குளியலறையில் அத்தகைய பசையால் ஒட்டிய கண்ணாடி, பசை வைத்த இடங்களிலெல்லாம் வட்டவட்டமாகக் கறுத்துப்போனது. பேட்டைப் பட்டறையில் அமிலமில்லாத நியூட்ரல் சிலிக்கோனைத்தான் பயன்படுத்துகிறார்கள். குழாயைக் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள்.

இரண்டாவது கதவிலிருந்து மூன்றரை அடி உயரத் துண்டு ஒன்றைத் தங்கையின் தையல் அறைக்குச் செய்துகொண்டோம். அளவு பார்க்க வருபவர்களுக்கு ஆறடிக் கண்ணாடி இருந்தால்தான் தலைமுதல் கால்வரை தெரியும் என்று அவள் வாதிட்டாள். ஐந்தரை அடி உயரமுள்ளவர் தம்மை முழுதாகப் பார்க்க இரண்டே முக்கால் அடிக் கண்ணாடி போதும், எத்தனை தூரம் பின்னால் போய் நின்றாலும் அந்தக் கணக்கு மாறாது, உயரத்தைச் சரியாகப் பார்த்து மாட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது என்று அண்ணாச்சி சொன்னார். பள்ளிப் பிள்ளைகளும் பாவாடை அளவுக்கு வருவதால்தான் முக்கால் அடி கூட்டி மூன்றரையாக வைத்துக்கொண்டோம். தங்கைக்கு இப்போது முழுத் திருப்தி.

எஞ்சிய பகுதியைப் பட்டைகளாக வெட்டி விளிம்பு மழுக்கித் தந்தார். நவராத்திரியில் கொலுப் படிகளின் பின்னால் இரண்டு பட்டைகளை நிறுத்தியதில் பொம்மைகளின் பின்னலும் முதுகுப்புறச் சித்திரமும் தெரிந்தன. சதுரமான துண்டு ஒன்று கீழே மணல் பரப்பிய பூங்காவில் தெப்பக்குளமாகிவிட்டது. சித்திரை விசுவுக்குக் கனி வைக்க ஒரு துண்டு பூசையறையில் இருக்கிறது. அய்யாவழியினரின் வழிபாட்டிடங்களான தாங்கல்களுக்குப் பள்ளியறைக் கண்ணாடி செய்யவும் இந்தப் பட்டறைக்கு ஆட்கள் வருகிறார்கள். வழிபாட்டுக்கு வைப்பது என்றால் வெட்டுப்படாத புதுக்கண்ணாடிதான், பழையதைத் தொடமாட்டேன் என்பது அவருடைய நியதி; அதை நான் மதிக்கிறேன்.

செய்ய மறுத்தவையும் உண்டு. புறவாசல் தோட்டச்சுவரில் ஒரு துண்டைப் பதித்தால் செடிகள் இரண்டு மடங்காகத் தெரியுமே என்று கேட்டதற்கு உடனே மறுத்துவிட்டார். மழையில் ரசம் போய்விடும் என்பது ஒரு காரணம். சிட்டுக்குருவிகள் தம் நிழலை வேறொரு குருவி என்று எண்ணிக் கொத்திக் கொத்திச் சோர்ந்துபோகும், பெரிய பறவைகள் திறந்த வெளி என்று நினைத்துப் பறந்து வந்து மோதும் என்பதையே அவர் அழுத்திச் சொன்னார். சாப்பாட்டு மேசையின் மேற்பலகையாகப் போடுவதற்கும், அடியில் முழுவதும் பிளைவுட் தாங்கல் இல்லாமல் ஒப்புக்கொள்வதில்லை. பணம் கிடைக்கும் வேலையைக்கூட ஆகாது என்று சொல்லித் திருப்பி அனுப்புபவரிடம் நம்பி ஒப்படைக்கலாம்.

குறைகளும் இருக்கின்றன. சொன்ன தேதியில் வேலை முடிவதில்லை; ஆவணி மாதத்தில் கல்யாண வீடுகளுக்கான வேலை சேர்ந்துகொள்ளும்போது இன்னும் தள்ளிப்போகிறது. விளிம்பைச் சரிவாகச் சீவி மெருகேற்றும் இயந்திரம் அங்கே இல்லை, நேரான விளிம்பு மட்டுமே கிடைக்கும். அழகுக்காகச் சரிவு விளிம்பு வேண்டுபவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டும். ரசீது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கதவின் அலுமினியத் தண்டவாளத்தையும் உருளைகளையும் வைத்து அடுப்படி அலமாரிக்குத் தள்ளுகதவு செய்து தருவதாகச் சொன்னார், செய்தும் தந்தார், அது அவ்வளவு சுமுகமாக ஓடவில்லை. கூலியைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது. வெட்டுவதற்கும் விளிம்புக்கும் அடிக்கணக்கிலும், சட்டத்துக்கும் மாட்டுவதற்கும் தனியாகவும் வாங்குகிறார். எல்லாம் சேர்த்தும், அதே அளவில் புதுக்கண்ணாடி வாங்கிச் சட்டமிடும் செலவில் பாதிக்கும் குறைவாகவே ஆனது.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, தென்காசிப் பக்கங்களிலிருந்து கொண்டுவர நினைப்பவர்கள், வண்டி ஏற்றும் முன் கண்ணாடியின் பின்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பிக் கேட்டுக்கொள்வது நல்லது. கரும்புள்ளி நடுப்பகுதிவரை பரவியிருந்தாலோ, கீறலோ மயிரிழை விரிசலோ இருந்தாலோ அவர் ஏற்றுக்கொள்வதில்லை. மாட்டிய பிறகு கண்ணாடிமேல் நேராகத் தண்ணீரோ அம்மோனியா கலந்த திரவமோ தெளிக்க வேண்டாம். பிழிந்த ஈரத்துணியால் துடைத்துவிட்டு, விளிம்பை உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.