இறங்கிப் போன காங்கிரீட் தளம்: நுரையா, சிமெண்டுக் கூழா, உடைத்துப் போடுவதா?

புறநகரில் வீடு கட்டி இருபது, முப்பது வருடம் ஆனால் இதைப் பார்க்கலாம். வீடு அசையாமல் நிற்கும். அதைச் சுற்றிப் போட்ட காங்கிரீட் மட்டும் சாய்ந்திருக்கும். வாசல் படிக்கும் நடைபாதைக்கும் நடுவே இரண்டு விரல் இறக்கம், சுவரோரம் தேங்கி நிற்கும் மழைத் தண்ணீர்.

குற்றம் பெரும்பாலும் காங்கிரீட்டின் மேல் இல்லை. அஸ்திவாரம் எழுந்த பிறகு சுற்றியிருந்த பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மூடுவார்கள். அதை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்காமல் விட்டால், வருடக்கணக்கில் தானாகவே அமுங்கிக்கொண்டிருக்கும். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயும் அங்கேயே கொட்டினால் கேட்கவே வேண்டாம், அடியில் மண் அரித்துப் பொந்து விழும். சுத்தியலால் தளத்தை மெல்லத் தட்டிப் பாருங்கள். மண் பிடித்திருக்கும் இடத்தில் மந்தமான சத்தம். பொந்து இருந்தால் ‘டொங்’ என்று கேட்கும்.

சரி, என்ன செய்யலாம்? இறக்கம் ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, கால் தடுக்குவது மட்டும்தான் பிரச்சினை என்றால் உயர்ந்த விளிம்பைத் தேய்த்துவிட்டால் போதும். அதற்கு மேல் போனால் போட்டி மூன்று பேருக்குள்: பாலியூரித்தேன் நுரை (தளத்துக்கு அடியில் செலுத்தினால் பொங்கித் தூக்கும் பிளாஸ்டிக் நுரை), சிமெண்டுக் கூழ், உடைத்துவிட்டுப் புதுத் தளம்.

கூழ் பழைய முறை. சிமெண்ட், மணல், மண், தண்ணீர் கலந்து பம்பு வைத்துத் தளத்துக்கு அடியில் செலுத்தித் தூக்குவார்கள். துளை 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். அடைத்த பிறகும் வட்டம் வட்டமாகத் தெரியும். நுரைக்கு 16 மில்லிமீட்டர் துளை போதும், அதுவும் தெரியும், ஆனால் தேடினால்தான்.

இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் எடையில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் தளத்துக்கு அடியில் 5 சென்டிமீட்டர் பொந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கூழ் கன மீட்டருக்கு 1600 கிலோவுக்குக் குறையாது, அப்படியானால் 80 கிலோ. நுரை கன மீட்டருக்கு 30 முதல் 65 கிலோ; அதே பொந்தை இரண்டு, மூன்று கிலோவில் நிரப்பிவிடும். நுரை விற்பவர்கள் இதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். ஆனால் 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள தளமே சதுர மீட்டருக்கு 240 கிலோ இருக்கும். அந்த எடைக்கே அமுங்கிய மண்ணின் மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் மண் ஏற்கெனவே நன்றாக அமுங்கி நின்றுவிட்டது, பொந்து மட்டும் பெரிது என்றால் கூழ் மோசமில்லை. செலவும் பொதுவாகக் குறைவு.

நுரை வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் பலமும் ஆபத்தும் சேர்ந்தே புரியும். இரண்டு திரவங்கள் தனித்தனி குழாயில் சூடாக வந்து துப்பாக்கி முனையில் கலக்கின்றன. சில நொடியில் பொங்கி, நிமிடங்களில் இறுகுகின்றன. அதனால் ஆள் ஒரே அழுத்தாக அழுத்துவதில்லை. ஒரு துளையில் கொஞ்சம் விடுவார், நிறுத்துவார், நூலையோ லேசர் மட்டத்தையோ பார்ப்பார், அடுத்த துளைக்குப் போவார். தளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டராக ஏறும். பக்கத்து ஜாயிண்ட் கிறீச்சிடும். அவசரக்காரர் கையில் இது மாட்டினால் ஒரு மூலை மட்டும் எகிறித் தளம் விரிசல் விடும். ஏற்றியது ஏற்றியதுதான், இறக்க முடியாது. ஒரே இடத்தில் அளவுக்கு மீறிக் கொட்டினால் நுரை உள்ளுக்குள் சூடேறிக் கருகும். உடைந்த கழிவுநீர்க் குழாய் அடியில் இருந்தால் அதற்குள்ளும் போய் இறுகிவிடும். கூழ் மெதுவாக ஏறும், கையைத் திருத்த அவகாசம் தரும். இந்த ஒரு விஷயத்தில் அது மேல்.

நேரத்தில் நுரைக்கு ஈடில்லை. அரை மணி நேரத்தில் பெரும்பாலும் கார் ஏற்றலாம். கூழுக்கு ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். இறுகிய நுரை தண்ணீரை உறிஞ்சாது, அரித்துக்கொண்டும் போகாது. ஆனால் நுரைக்கு அடியில் இருக்கும் மண் அரிக்கும். குழாய்த் தண்ணீரைச் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளிவிடாமல் எந்த முறையைச் செய்தாலும் மறுபடி இறங்கும். இன்னொன்று: நுரைக்கு வெயில் ஆகாது. தளத்தின் ஓரத்தில் வெளியே பிதுங்கியதை வெட்டி மண்ணால் மூட வேண்டும். வேலை நடக்கும்போது நுரைத் திரவத்திலிருந்து வரும் ஐசோசயனேட் என்ற ரசாயன ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். ஆட்கள் முகக்கவசம் போடுவார்கள், ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் தள்ளி இருக்கட்டும்.

உடைத்துப் போடுவது எப்போது? தளம் பல துண்டாகிவிட்டாலோ, மேல் பரப்பு உதிர்ந்தாலோ, உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கினாலோ வேறு வழியில்லை. நொறுங்கியதைத் தூக்கிப் பயனில்லை. கார் ஏற்ற ஒரு வாரம் ஆகும், பழைய தளத்தோடு நிறமும் ஒட்டாது. ஆனாலும் மண்ணைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு இதில் மட்டும்தான் கிடைக்கிறது. 15 சென்டிமீட்டர் அடுக்காக இறுக்கி, ஜல்லி பரப்பி, மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டத்தை வெளிப்பக்கமாகக் கொடுத்துப் போட்டால் நிற்கும். பழைய மண் மேலேயே புதுக் காங்கிரீட்டைக் கொட்டினால் பணமும் போய், இறக்கமும் திரும்பி வரும். மூன்றிலும் மோசமான தேர்வு இதுதான்.

என் கணக்கு இது: தளம் முழுசாக இருந்து, தண்ணீர் வழியைச் சரிசெய்துவிட்டால், சுவரோரத்துக்கு நுரை. களிமண் பூமியில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கோடையில் சுருங்கிக் கிடக்கும்போது மட்டம் பார்த்துத் தூக்கினால் மழைக்காலத்தில் மண் உப்பித் தளம் இன்னும் மேலே போகும்.

ஆளை அமர்த்தும்போது, தளம் சுவரோடு கம்பியால் பிணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பிணைந்திருந்தால் விடுவிக்காமல் தூக்கக் கூடாது. அப்புறம், செலவான நுரையின் எடைக்குக் காசு கேட்பவராக இருந்தால், அடியில் பொந்து எவ்வளவு என்று இருவருக்கும் தெரியாது என்பதால், உச்சவரம்பு ஒன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவாதம் தருகிறேன் என்பாரானால், மறுபடி இறங்கினால் வந்து தூக்குவாரா, துளையை மட்டும் பூசித் தருவாரா என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.