காஞ்சி – மாமல்லை ஒருநாள் சுற்றுலாவுக்கு முன்பணம் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

சென்னையிலிருந்து காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டுவதாகச் சொல்லித் தங்கும் விடுதிகளில் விற்கப்படும் சுற்றுலா ஒன்றில், திருச்சியிலிருந்து சென்றிருந்த நாங்கள் குடும்பத்தோடு ஏமாற்றப்பட்டோம். முகவரின் பெயரை எழுதுவதைவிட, பணம் எந்தெந்த வழியில் பறிக்கப்பட்டது என்பதை எழுதுவதே மற்றவர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

முதலில் பறிபோனது நேரம். காஞ்சியின் பெரிய கோயில்களில் நண்பகலையொட்டி நடை சாத்தினால் மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள்; ஆகவே அந்த ஊருக்குக் காலையிலேயே போய்ச் சேரும் பயணத்துக்குத்தான் பொருள் உண்டு. அதிகாலையில் வருவதாகச் சொன்ன வேன், வெயில் ஏறிய பிறகு வந்து, வேறு இரண்டு விடுதிகளில் ஆள் ஏற்றிக்கொண்டு, காஞ்சிக்குள் நுழைந்ததும் நேராக ஒரு பட்டுச் சேலைக் கடை வாசலில் நின்றது. காமாட்சியம்மனைத் தரிசிக்க வேண்டும் என்பதற்காகவே எங்களோடு வந்திருந்த என் அம்மா கோயிலுக்கு முதலில் போகலாம் என்று பலமுறை கேட்டும், "இப்ப கூட்டமா இருக்கும்மா, கொஞ்சம் குறையட்டும்" என்றே ஓட்டுநர் பதில் சொன்னார். கடையைவிட்டு எங்களைக் கிளப்பியபோது காமாட்சியம்மன் கோயிலிலும் ஏகாம்பரநாதர் கோயிலிலும் நடை சாத்தியிருந்தார்கள். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கயிலாசநாதர் கோயிலைக்கூட வேனில் இருந்தபடியே பார்த்துக் கடந்தோம்.

அந்தக் கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோர்வைச் சேலை என்று விரித்துக் காட்டியதை அம்மா திருப்பிப் பார்த்து, கரையும் உடலும் தனித்தனி ஊடையில் (குறுக்கிழையில்) நெய்து கோக்கப்பட்டதாகத் தெரியவில்லையே என்று கேட்டதும், விற்பனையாளர் வேறு சேலையை எடுக்கத் தொடங்கிவிட்டார். தூய பட்டுக்கு அடையாளமான சில்க் மார்க் அட்டை, நாங்கள் பார்த்த எந்தச் சேலையிலும் இல்லை. காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்கள் அதே ஊரில் இருக்கின்றன. ஓட்டுநர் கூட்டிச் செல்லும் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

மாமல்லபுரத்தில் நுழைவுச் சீட்டுக்கென்று தலைக்கு நூறு ரூபாய், குழந்தைகளுக்கும் சேர்த்து, வேனிலேயே வசூலித்தார்கள். தொல்லியல் துறை இந்தியர்களிடம் வாங்கும் கட்டணம் நாற்பது ரூபாய். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே சீட்டு போதும். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே கிடையாது. அர்ச்சுனன் தபசைச் சாலையில் நின்றே பார்க்கலாம். வாசலில் இருந்த கட்டணப் பலகையைக் காட்டிக் கேட்டபோது, மீதித் தொகை வழிகாட்டிக்கு என்றார்கள். வழிகாட்டி என்று எவரும் எங்களோடு வரவில்லை.

இவற்றையெல்லாம்விட என்னைக் கோபப்படுத்தியது, பயணப் பட்டியலில் இருந்த, முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா என்ற தென்னிந்தியக் கலை, பண்பாட்டு அருங்காட்சியகம். அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை. எங்களுக்குப் பயணம் குறித்துக் கொடுக்கப்பட்டதோ செவ்வாய்க்கிழமை. நாள்தோறும் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. பூட்டிய வாசலைக் கடந்த பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டால், "பார்க்கும் இடங்கள் மாறுதலுக்கு உட்பட்டவை" என்று ரசீதின் பின்பக்கம் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார்கள். இதேபோல் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வந்த வேனோ வெள்ளைப் போர்டு வண்டி. வாடகைக்கு ஓட்டும் உரிமம் உள்ள வண்டிக்கு மஞ்சள் நிற எண் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும் என்பதால், வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இருப்போம், கடைகளில் நிறுத்துவார்களா, நுழைவுக் கட்டணம் தொகையில் அடங்குமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள்; எழுதித் தர மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் சென்னையிலிருந்து இத்தகைய பயணங்களை நடத்துகிறது. தனியாகப் போவதானால், காஞ்சிக்குச் செங்கல்பட்டு வழியாகப் புறநகர் ரயில் உண்டு. மாமல்லைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகள் உண்டு.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை. சென்னைக்கு அலைய வேண்டியதில்லை என்பதால், நாங்கள் திருச்சியிலேயே மனு கொடுக்கிறோம்.